அத்தியாயம் 9: விஷச் சாராய மரணம் – தண்டனையும் இழப்பீடும்

கள்ளச்சாராயம் குடித்து வீட்டில் ஒருவர் இறந்துபோன குடும்பத்துக்காகவும், அந்தக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரி, காவல் நிலையம், கோர்ட் என்று அலைகிற உறவுக்காரருக்காகவும் எழுதப்பட்டது இந்த அத்தியாயம்.

வழக்கமாக நடப்பது இதுதான். காய்ச்சியவர், மெத்தனால் கொண்டுவந்தவர், பாக்கெட் போட்டு விற்றவர் என்று எல்லோரையும் போலீஸ் பிடித்துவிடும். அரசு நிவாரணமும் கைக்கு வந்துவிடும். மீதியைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று குடும்பம் ஒதுங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு வரும். நீதிபதி லட்சக்கணக்கில் அபராதம் விதிப்பார். அந்தப் பணம் நேராக அரசுக் கருவூலத்துக்குப் போய்விடும். குடும்பத்துக்கு வர வேண்டுமென்றால், தீர்ப்பில் அதற்கென்று தனியாக ஒரு வரி இருக்க வேண்டும். கேட்காதவருக்கு அந்த வரி கிடைப்பது அபூர்வம். அதைக் கேட்பதற்கான தாள்களை மரணம் நடந்த அன்றிலிருந்தே சேர்க்க வேண்டும்.

முதல் வேலை: உயிரோடு இருப்பவர்கள்

அதே சரக்கைக் குடித்த ஒவ்வொருவரையும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அழைக்க வேண்டிய எண் 108. “எனக்கு ஒன்றும் செய்யவில்லை” என்று சொல்பவரையும் விடாதீர்கள். மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகுதான் கொல்லத் தொடங்கும். அதற்கு 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். கூடவே சாதாரணச் சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, கண் மங்குதல், எதிரில் வெள்ளையாகப் படர்ந்ததுபோல் தெரிதல் ஆகியவை அடையாளம். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதுவும் இதை முறிக்காது. மாற்று மருந்தும் டயாலிசிஸும்தான் காப்பாற்றும். இரண்டுமே நேரத்தோடு தொடங்க வேண்டியவை.

சாவு வீட்டில் துக்கம் தாளாமல் அதே இடத்தில் வாங்கிக் குடிப்பவர்கள் உண்டு. வாசலிலேயே ஒருவரை நிறுத்தித் தடுங்கள்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். “வயித்து வலின்னு துடிச்சார்” என்று மட்டும் சொல்லிச் சாராயத்தை மறைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மானம் போய்விடும், நம் மேலேயே கேஸ் வந்துவிடும் என்ற பயம்தான் காரணம். இறந்தவர் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. நீங்கள் மறைத்த அந்த ஒரு வார்த்தைதான், பல வருஷம் கழித்து எதிர்த் தரப்பு வக்கீல் கையில் ஆயுதமாகும். “ஆஸ்பத்திரிப் பதிவில் சாராயம் என்றே இல்லையே” என்பார்.

உடலை வாங்குவதற்கு முன்

1. ஏ.ஆர். காப்பி. அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். எங்கே, எப்போது, என்ன குடித்தார், யார் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

2. பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் வேண்டாம். வீட்டிலேயே உயிர் போயிருந்தாலும் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். முதலில் இறந்த ஓரிருவரை உடம்பு சரியில்லாமல் போனதாக நினைத்து அடக்கம் செய்துவிடுவது இத்தகைய ஊர்களில் நடக்கிறது. எரித்துவிட்டால் சாட்சியம் போனது போனதுதான். புதைத்திருந்தால் வழி இருக்கிறது. நிர்வாக நடுவரின் உத்தரவின்பேரில் தோண்டி எடுத்துப் பரிசோதிக்கலாம். மனம் ஒப்பாத காரியம்தான். ஆனாலும் அந்த மனுவை அன்றே எழுதிக் கொடுங்கள்.

3. உள்ளுறுப்புகள் தடய அறிவியல் ஆய்வுக்குப் போகின்றனவா என்று கேளுங்கள். பரிசோதனைக் கூடத்து அறிக்கையில் மெத்தனால் என்ற சொல் வந்தால்தான் ‘குடித்தார், இறந்தார்’ என்பது ‘குடித்ததால் இறந்தார்’ என்று ஆகும். வழக்கே அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

4. மீதிச் சரக்கைத் தொடாதீர்கள். வீட்டில் கிடக்கும் பாக்கெட், பாட்டில், டம்ளர் எதையும் கழுவ வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். குழந்தைகள் கை படாத இடத்தில், இருந்த நிலையிலேயே விட்டு, போலீஸ் வந்து மகஜர் எழுதிக் கைப்பற்றட்டும். நீங்களே எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் கொடுத்தால், ‘எங்கிருந்து வந்ததோ’ என்ற கேள்வி கடைசி வரை விடாது.

5. அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். யாரோடு போனார், எந்த இடத்தில் வாங்கினார், எத்தனை மணிக்கு, என்ன விலை, யார் பார்த்தார்கள், எப்போது வாந்தி தொடங்கியது. விற்றவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர், சில நேரம் சொந்தக்காரரும்கூட. முதல் நாள் எல்லோருக்கும் எல்லாம் நினைவிருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பாதிப் பேருக்கு மறந்திருக்கும்.

புகார்: சி.எஸ்.ஆர். ரசீது போதாது

ஸ்டேஷனில் மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். எண் போட்டு ஒரு ரசீது தருவார்கள். அது மனு வந்தது என்பதற்கான சான்று மட்டுமே. முதல் தகவல் அறிக்கை வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 173ஆவது பிரிவின்படி அதன் நகலைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் மனுப் போடலாம்.

புகாரில் கோபம் வேண்டாம், விவரம் வேண்டும். இப்படி இருந்தால் போதும்:

‘என் கணவர், வயது 38, கட்டட வேலை. நேற்று மாலை சுமார் 6 மணிக்கு எங்கள் தெருக்கோடி ஓடைப் பக்கம் ______ என்பவரிடம் இரண்டு பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்ததாக என்னிடம் சொன்னார். கூட இருந்தவர் ______. இரவு 2 மணியிலிருந்து வாந்தி. விடிந்ததும் கண் தெரியவில்லை என்றார். காலை 8 மணிக்கு 108-ல் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். 11 மணிக்கு இறந்தார். மீதியுள்ள ஒரு பாக்கெட் வீட்டில் இருக்கிறது.’

தெரியாததைச் சேர்க்காதீர்கள். பிடிக்காத ஆள் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால், அந்த ஒரு பெயர் பொய்யாகும்போது மற்றப் பெயர்களும் சந்தேகத்துக்குள்ளாகும்.

எந்தச் சட்டம், எவ்வளவு தண்டனை

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். முதலில் தேதியைப் பாருங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம், அன்று முதல் நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா.

சாவு நேரும் என்று தெரிந்தே விஷம் கலந்ததைக் கொடுத்தவர் மேல் 105ஆவது பிரிவு (பழைய 304) போடப்படும். கொல்லும் நோக்கம் இருந்தது என்று நிரூபணமானால் ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு. நோக்கமில்லை, விளைவு தெரிந்திருந்தது என்றால் 10 ஆண்டு வரை. விஷப்பொருள் கொடுத்து ஊறு விளைவித்ததற்கு 123ஆவது பிரிவு (பழைய 328), 10 ஆண்டு வரை. வெறும் கவனக்குறைவு என்று 106-க்கு இறங்கிவிட்டால் 5 ஆண்டுதான் உச்சம். ஆகவே முதல் தகவல் அறிக்கையிலும் பிறகு குற்றப்பத்திரிகையிலும் எந்தப் பிரிவு இருக்கிறது என்று பார்ப்பது உங்கள் வேலையும்தான்.

இதோடு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால் ஆயுள்காலக் கடுங்காவலும், 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம் என்று ஆனது. ஆனால் எந்தச் சாவுகள் அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தனவோ, அந்த வழக்குக்கே அது பொருந்தாது. குற்றம் நடந்த நாளில் இருந்ததைவிடக் கூடுதலான தண்டனையைப் பின்னால் வந்த சட்டத்தைக் காட்டி விதிக்கக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவு. புதிய சட்டத்தை நம்பி வாக்குக் கொடுக்கும் அரசியல்வாதியிடம் இதைக் கேளுங்கள், பதில் வராது.

கவனம்: ‘குண்டாஸ் போட்டாச்சு’ என்று கேட்டதும் தண்டனை கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். குண்டர் சட்டம் என்பது அதிகபட்சம் 12 மாதத் தடுப்புக் காவல். அது தண்டனை ஆகாது. அதிலிருந்து உங்களுக்கு ஒரு பைசா வராது. மூல வழக்கு தனியாக நடந்தாக வேண்டும்.

ஹெராயின், மெத்தம்பெட்டமைன் போன்றவற்றால் மரணம் என்றால் நிலைமை இன்னும் விநோதம். போதைப் பொருள் தடுப்புச் சட்டம் எடையைப் பார்த்துத் தண்டிக்கிறது. ஹெராயின் 5 கிராம் வரை சிறு அளவு, 250 கிராமுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு. ஆள் செத்தாரா இல்லையா என்பது அந்தக் கணக்கில் வரவே வராது. மரணத்துக்குத் தண்டனை வேண்டுமென்றால் 105 அல்லது 106ஆவது பிரிவையும் சேர்க்கச் சொல்லி எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

மருந்துக் கடை மருந்தே கொன்றால்

2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான் கண்டுபிடித்தது. இப்படிப்பட்ட மரணங்களுக்கு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 1940 பொருந்தும். அதன் 27(ஏ) பிரிவின்படி 10 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை. அபராதம் குறைந்தது 10 லட்சம், அல்லது பிடிபட்ட மருந்தின் மதிப்பைப்போல் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அது. வசூலாகும் அந்த அபராதம் இறந்தவரின் உறவினருக்கே போக வேண்டும் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. சாராய வழக்கில் போராடிக் கேட்க வேண்டியது இங்கே எழுதியே இருக்கிறது.

ஒரு பள்ளமும் உண்டு. இந்தச் சட்டத்தின் முக்கியக் குற்றங்களுக்குப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மருந்து ஆய்வாளரோ பாதிக்கப்பட்டவரோ அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் அமைப்போ நேராக நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே போலீஸோடு நின்றுவிடாமல் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள். பாட்டிலையும் அட்டைப் பெட்டியையும் கடை ரசீதையும் பத்திரப்படுத்துங்கள், தொகுதி எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதனைக்குக் கொடுக்கவும் 26ஆவது பிரிவில் வழி இருக்கிறது.

பணம் வரும் மூன்று வழிகள்

இவை மூன்றும் தனித்தனி. ஒன்று கிடைத்துவிட்டது என்று மற்றதை விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே வாங்கியதை அடுத்த மனுவில் மறைக்கவும் மறைக்காதீர்கள். தெரிந்தால் மனுவே கெட்டுவிடும்.

*அரசு நிவாரணம்.* முதலமைச்சர் அறிவிப்பது. கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த மரக்காணம், கள்ளக்குறிச்சி இரண்டிலும் இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஊரே சாகும்போது இது விரைவாக வரும். ஒற்றை ஆள் இறந்தால் அறிவிப்பே வராமல் போகலாம். அப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்குத்தான் அடுத்த இரண்டு வழிகளும் அதிகம் தேவைப்படும்.

*மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு.* பி.என்.எஸ்.எஸ். 396ஆவது பிரிவு (பழைய 357ஏ). மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். குற்றவாளி யாரென்றே தெரியாமல், விசாரணையே நடக்காவிட்டாலும் இங்கே நேரடியாக மனுச் செய்யலாம். மனு வந்தால் இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். இடைக்கால உதவியும் கேட்கலாம். வழக்கு விடுதலையில் முடிந்தாலும், குடும்பத்துக்கு மறுவாழ்வு தேவை என்று பரிந்துரைக்க விசாரணை நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலும் இங்கேயே கிடைப்பார். உதவி எண் 15100.

*தண்டனையோடு வரும் இழப்பீடு.* பி.என்.எஸ்.எஸ். 395ஆவது பிரிவு (பழைய 357). அபராதத் தொகையிலிருந்தே குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லலாம். அபராதம் இல்லாத தண்டனையென்றால், குற்றவாளி தனியாக இழப்பீடு கட்ட வேண்டும் என்று உத்தரவிடலாம். மரண வழக்கில் அபராதத்திலிருந்து பெற உரிமையுள்ளவர்கள் மனைவி அல்லது கணவன், பெற்றோர், பிள்ளைகள். அண்ணன் தம்பிகள் இதில் வர மாட்டார்கள். வக்கீல் செலவெல்லாம் செய்தவர் அண்ணனாகவே இருந்தாலும் மனு இறந்தவரின் மனைவி பெயரில்தான் போக வேண்டும்.

சிவில் வழக்குப் போடும் எண்ணம் இருந்தால், இறந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டுதான் கெடு. குற்றவியல் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்தால் அது தாண்டிவிடும்.

கணக்குத் தாள்

நீதிபதி முன்னால் ‘குடும்பம் நிர்க்கதியாகிவிட்டது’ என்று சொல்வதைவிட ஒரு பக்கக் கணக்கு பலமடங்கு பேசும். வாகன விபத்து வழக்குகளுக்காக 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறையை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். சாராய வழக்கில் நீதிபதி அதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தக் கணக்கு அவருக்குப் பழக்கமானது.

ஒரு எடுத்துக்காட்டு. வயது 38. மாதக் கூலி 12,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நால்வர் அவரை நம்பி இருந்தார்கள். நான்கு முதல் ஆறு பேர் சார்ந்திருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மீதி 9,000. ஆண்டுக்கு 1,08,000. 36 முதல் 40 வயது வரை பெருக்கும் எண் 15. ஆக 16,20,000 ரூபாய். இதோடு ஆஸ்பத்திரிச் செலவு, ஈமச் சடங்குச் செலவு.

கூலி வேலைக்கு ஏது சம்பளச் சீட்டு? மேஸ்திரியின் கையெழுத்துக் கடிதம், கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை, நூறு நாள் வேலை அட்டை, வங்கிப் புத்தகம், மகளிர் குழுக் கடன் தவணைப் பதிவு என்று கிடைத்ததெல்லாம் சேருங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள். பெயர் எழுத்து ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் (ஆதாரில் ‘முருகேசன்’, ரேஷன் அட்டையில் ‘முருகேஷ்’) இப்போதே சரி செய்துவிடுங்கள். கடைசி நேரத்தில் காசோலை நிற்பது பெரும்பாலும் இந்த ஒரு எழுத்தில்தான்.

வழக்கு நடக்கும்போது

வழக்கை நடத்துவது அரசு வக்கீல். ஆனாலும் அவருக்கு உதவியாக உங்கள் வக்கீலை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வக்கீல் மூலம் ஆஜரானால் குற்றப்பத்திரிகை நகலும் உங்களுக்கு உண்டு. ஜாமீன் மனுவிலும் பாதிக்கப்பட்டவருக்குப் பேச இடம் உண்டு என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

பொறுமை நிறைய வேண்டும். மும்பை மால்வணியில் 2015-ல் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2024-ல்தான் வந்தது. நால்வருக்கு 10 ஆண்டு, பத்துப் பேர் விடுதலை. பீகார் கோபால்கஞ்சில் 2016-ல் நடந்த சாராயச் சாவுகளுக்கு 9 பேருக்குத் தூக்குத் தண்டனையே விதித்தார்கள். அந்தத் தீர்ப்பு வந்த அடுத்த ஆண்டே பாட்னா உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கடுமையான தண்டனை வேறு, மேல்முறையீட்டில் நிற்கும் தண்டனை வேறு. நிற்க வைப்பது மகஜரும் ஆய்வறிக்கையும் முதல் நாள் சொன்ன சாட்சியும்தான்.

பாதுகாப்பு

விற்றவர் வீடு அடுத்த தெருவில் இருக்கும். இரவில் ஆள் வரும். “ஆனது ஆயிப்போச்சு, ரெண்டு லட்சம் வாங்கிக்க, கோர்ட்ல தெரியலைன்னு சொல்லிடு” என்பார்கள். இந்தக் குற்றத்தைச் சமரசம் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. முத்திரைத் தாளிலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். பிறழ்சாட்சி ஆனால் வழக்கும் போகும், பொய்ச் சாட்சி சொன்னதற்கு உங்கள் மேலேயே நடவடிக்கை வரலாம்.

மிரட்டல் வந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை எழுதி ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குங்கள். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், 2018-ன் கீழ் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுச் செய்யலாம். வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டுத் திட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அது உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும்.

தண்டனை அறிவிக்கும் நாள்

குற்றவாளி என்று அறிவித்ததும் தண்டனை பற்றி எதிரியிடம் நீதிபதி கேட்பார். வயதான தாய், சின்னப் பிள்ளைகள் என்று அவர் தரப்பு சொல்லும். சில நேரம் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் தாள்கள் அந்த அரை மணிக்குள் மேசையில் இருக்க வேண்டும்.

1. இறுதி வாதம் தொடங்குவதற்கு முன்பே இழப்பீட்டு மனுவைத் தயார் செய்து அரசு வக்கீலிடம் ஒரு பிரதி கொடுங்கள். அன்று காலையில் ஓடி வந்தால் அவருக்குப் படிக்க நேரம் இருக்காது.

2. மனுவில் கணக்குத் தாள், வாரிசுச் சான்று, செலவு ரசீதுகள், பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றை இணையுங்கள்.

3. எதிரியின் சொத்து விவரத்தையும் இணையுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். கட்டக்கூடிய வசதி இருக்கிறதா என்று பார்த்துத்தான் நீதிமன்றம் தொகையை முடிவு செய்யும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுக்கலாம். பட்டா, வண்டி எண், கடை விவரம் தெரிந்த மட்டும் எழுதுங்கள்.

4. கோரிக்கையை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: அபராதத்திலிருந்து இவ்வளவு 395ஆவது பிரிவின்படி மனுதாரருக்கு, அது போதாது என்றால் 396ஆவது பிரிவின்படி ஆணைக்குழுவுக்குப் பரிந்துரை, மைனர் பிள்ளைகளின் பங்கு வங்கி வைப்பில்.

5. நீதிபதி இழப்பீடு பற்றி ஒன்றும் சொல்லாமல் முடித்தால், உங்கள் வக்கீல் அங்கேயே எழுந்து 2013-ல் வந்த அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் தீர்ப்பை நினைவுபடுத்தட்டும். இழப்பீடு உண்டா இல்லையா என்று ஒவ்வொரு வழக்கிலும் யோசித்துக் காரணம் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதில் சொல்லியிருக்கிறது.

சாராயத்தில் சம்பாதித்த சொத்து என்றால், அதை முடக்கி ஆட்சியர் மூலம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பகிர்ந்து தர பி.என்.எஸ்.எஸ். 107ஆவது பிரிவில் புதிதாக வழி வந்திருக்கிறது. தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை, புலனாய்வின்போதே தொடங்கலாம். ஆனால் நீதிமன்றத்தை அணுக வேண்டியவர் புலனாய்வு அதிகாரி, அதுவும் காவல் கண்காணிப்பாளரின் அனுமதியோடு. அவருக்கு எழுத்து மூலம் நினைவூட்டுங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போடுங்கள். மேல்முறையீட்டுக் கெடு முடியும் வரை, மேல்முறையீடு போயிருந்தால் அது முடியும் வரை, அபராதத்திலிருந்து தரும் பணம் கைக்கு வராது. விடுதலை, சிறிய பிரிவில் மட்டும் தண்டனை, போதாத இழப்பீடு ஆகிய மூன்றுக்கும் எதிராக நீங்களே மேல்முறையீடு செய்யலாம் (பி.என்.எஸ்.எஸ். 413ஆவது பிரிவு). சிறை ஆண்டு குறைவு என்பதற்காக மட்டும் நீங்கள் போக முடியாது, அது அரசின் வேலை. அரசு தரப்புக்கு அதை எழுத்தில் கேட்டுக் கொடுங்கள்.

எதிரி கட்டாவிட்டால் கூடுதல் சிறை என்று உத்தரவில் இருக்கும். அந்தச் சிறையை அனுபவித்துவிட்டால் இழப்பீட்டுக் கடன் தீர்ந்துவிடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கக் கேட்கலாம்.

அப்படியும் வராமல் போகலாம். கேரளத்தின் கல்லுவாதுக்கல்லில் 2000 அக்டோபரில் 31 பேர் இறந்த வழக்கில் மணிச்சன் என்கிற சந்திரனுக்கு ஆயுள் தண்டனையும், 30 லட்சம் ரூபாய்க்கு மேல் அபராதமும் விதிக்கப்பட்டன. 20 ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்த பிறகு அரசு தண்டனையைக் குறைத்தது. ஆனால் அபராதம் கட்ட வழியில்லாமல் வெளியே வர முடியவில்லை. 2022 அக்டோபரில், அபராதம் கட்டாமலே விடுவிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றவாளியின் பையிலிருந்து வரும் பணத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் திட்டம் போடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆகவே கோர்ட் வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். ஆணைக்குழு மனுவை முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று ஆகிய மூன்றும் கைக்கு வந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். தடய அறிவியல் அறிக்கை வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம், வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம். மனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து, முதல் பக்கத்தில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.